பெயர் தெரிந்தவர்கள் இருக்கும்போதே: யூத மூதாதையரின் பழைய படங்களைக் காப்பாற்றும் வழி

ஹோலோகாஸ்ட் என்பது இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் நாஜிகள் யூதர்களைக் கொன்றொழித்த பேரழிவு. வாஷிங்டனில் உள்ள அதன் நினைவு அருங்காட்சியகத்தில் மூன்று மாடி உயரத்துக்கு ஒரு கோபுரம் இருக்கிறது. உட்சுவர் முழுக்கக் குடும்பப் படங்கள், ஏறத்தாழ ஆயிரம். எல்லாம் ஒரே ஊர்க்காரர்களுடையவை. ஐஷிஷோக் என்று யூதர்கள் அழைத்த அந்தச் சிற்றூர் இன்றைய லித்துவேனியாவில் இருக்கிறது. 1941 செப்டம்பரில், இரண்டே நாளில், அங்கிருந்த யூதர்களைக் கிட்டத்தட்ட முழுவதுமாகச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். தப்பிய சிலரில் ஒரு சிறுமி, யாஃபா எலியாக், பிற்பாடு அமெரிக்காவில் பேராசிரியரானார். ஊரில் ஸ்டூடியோ நடத்தியவர்கள் அவருடைய தாத்தாவும் பாட்டியும்தான். ஊரே அழிந்தபின் படங்கள் எப்படிக் கிடைத்தன? பெரும்பாலும் முன்பே கப்பலேறிப் போன அண்ணனுக்கும் அத்தைக்கும் ஒன்றுவிட்ட தங்கைக்கும் ஊரிலிருந்து அனுப்பிய படங்கள் அவை. எலியாக் ஆண்டுக்கணக்கில் நாடு நாடாக அலைந்து, வீடு வீடாகக் கேட்டு, ஆறாயிரம் படங்கள்வரை திரட்டினார்.

புதிதாக இந்த வேலையில் இறங்குபவர் இதிலிருந்து இரண்டு செய்திகளை எடுத்துக்கொள்ள வேண்டும். ஒன்று, ஊரைவிட்டுப் போனவர்களிடம்தான் படம் இருக்கும். உங்கள் வீட்டுப் பெட்டியில் இருப்பது பாதி மட்டுமே. மற்றொன்று, எலியாக் திரட்டியது படங்களை மட்டுமல்ல, ஒவ்வொரு முகத்துக்கும் உரிய பெயரையும்தான். காகிதம் நூறு ஆண்டு தாங்கிவிடும். பெயர் அப்படியல்ல, அது தெரிந்த கடைசி ஆளோடு போய்விடும். அதனால் ஸ்கேனர் வாங்கக் கடைக்கு ஓடுவதற்கு முன் செய்ய வேண்டியவை சில இருக்கின்றன.

யூதக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவர்கள், அப்படிப்பட்ட குடும்பத்தின் ஆல்பத்தைப் பாதுகாக்கும் பொறுப்பு வந்து சேர்ந்தவர்கள், நூலகத்திலோ ஆவணக் காப்பகத்திலோ இந்தப் படங்களைக் கையாளுபவர்கள் ஆகியோரை மனத்தில் வைத்து எழுதுகிறேன். முதலில் கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் படங்கள். பழைய படங்களில் பெரும்பகுதி அங்கிருந்து வந்தவைதான். இந்திய யூதர்களின் படங்களைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில் எதையும் கலைக்காதீர்கள்

பெட்டியைத் திறந்ததும் எல்லாவற்றையும் தரையில் பரப்பி, வயது வாரியாக அடுக்கத் தோன்றும். அடக்கிக்கொள்ளுங்கள். எந்தப் படம் எதன் பக்கத்தில் இருந்தது என்பதே ஒரு சான்று. ஒரே உறைக்குள் இருந்த நான்கு படங்கள் ஒரே கடிதத்தோடு வந்தவையாக இருக்கலாம். ஆல்பத்தின் முதல் பக்கத்தில் இருப்பவர் அதை அடுக்கியவருக்கு நெருக்கமானவராக இருக்கலாம். எனவே கைபேசியில் ஒவ்வொரு பக்கத்தையும், ஒவ்வொரு உறையையும், இருக்கிற நிலையிலேயே வரிசையாகப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். தரம் முக்கியமல்ல, வரிசை முக்கியம்.

ஒட்டியிருக்கும் படங்களைப் பிய்க்க வேண்டாம். ஈரத் துணியால் துடைக்க வேண்டாம். கிழிந்த இடத்தில் செல்லோடேப் ஒட்ட வேண்டாம். சில ஆண்டுகளில் அது மஞ்சள் கறையாகப் படத்துக்குள் இறங்கிவிடும். லேமினேட் செய்து தருகிறேன் என்று கடைக்காரர் சொன்னால் நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்துவிடுங்கள். லேமினேட் செய்த படத்தை மறுபடி பழைய நிலைக்குக் கொண்டுவர வழியே இல்லை.

மூத்தவரிடம் போகும் முறை

குடும்பத்தில் மிக மூத்தவர் யார் என்று பார்த்து, அவரிடம் முதலில் போங்கள். அவருக்கு நினைவு மங்கிவிட்டது என்று மற்றவர்கள் சொல்லக்கூடும். ஆனாலும் போங்கள். காலை என்ன சாப்பிட்டோம் என்பது மறந்தவர்களுக்கும் எட்டு வயதில் பக்கத்து வீட்டில் இருந்தவர்கள் நினைவில் இருப்பார்கள்.

வியன்னாவைத் தலைமையிடமாகக் கொண்ட சென்ட்ரோபா என்ற அமைப்பு 2000ஆம் ஆண்டிலிருந்து மத்திய, கிழக்கு ஐரோப்பாவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட யூத முதியவர்களைச் சந்தித்துப் பேட்டி எடுத்தது. அவர்கள் கையாண்ட வழி எளிமையானது: வீடியோ கேமராவை நீட்டிப் பேரழிவைப் பற்றிக் கேள்வி கேட்கவில்லை. வீட்டிலிருக்கும் பழைய படங்களை எடுத்துவைத்து, ஒவ்வொன்றாக, "இது யார்? அப்போது என்ன நடந்துகொண்டிருந்தது?" என்று கேட்டார்கள். இறந்ததைவிட வாழ்ந்ததைப் பற்றிய பேச்சாக அது அமைந்தது. நாமும் அதையே செய்யலாம்.

அசலை எடுத்துப் போகாமல், பெரிதாக்கிய நகல்களைக் கொண்டுபோங்கள். அரைப் பக்க அளவுக்கு அச்சிட்டால் கண் மங்கியவர்களுக்கும் முகம் தெரியும். நகல் மேல் பேனாவால் எழுதவும் செய்யலாம். ஒரு நேரத்தில் ஒரே படம். "இது யார்?" என்று மட்டும் கேட்டால் "தெரியாது" என்று ஒரே சொல்லில் முடிந்துவிடும். இந்தப் படம் உங்கள் வீட்டில் எங்கே மாட்டியிருந்தது? யார் அனுப்பியது? பின்னால் தெரிகிற கடை யாருடையது? இந்தச் சட்டையை யார் தைத்தார்கள்? இப்படிச் சுற்றி வளைத்துக் கேட்டால் பெயர் தானாக வந்து விழும். சில முகங்களைக் கண்டதும் அவர் பேசாமல் இருந்துவிடலாம். அங்கே தோண்டாதீர்கள். அடுத்த படத்துக்குப் போய்விடுங்கள்; வேண்டுமானால் அவரே திரும்பி வருவார்.

பேச்சைக் கைபேசியில் பதிவு செய்ய அனுமதி கேளுங்கள். சமய ஒழுக்கம் காக்கும் குடும்பமானால் வெள்ளி சூரியன் மறைவதிலிருந்து சனி இரவுவரை போகவே வேண்டாம். அது ஓய்வுநாளான சபாத். அப்போது எழுதுவதும், மின் கருவிகளை இயக்குவதும் அவர்களுக்கு விலக்கு. கைபேசியை மேசைமேல் வைப்பதே மரியாதைக் குறைவாகப்படும்.

பெயர்களைக் குறிக்கும்போது அவசரப்படாதீர்கள். ஒரே ஆளுக்கு மூன்று, நான்கு பெயர்கள் இருப்பது இங்கே வழக்கம். தொழுகைக்கூடத்தில் யூத மறைநூலான தோராவை ஓத அழைக்கும்போது சொல்லும் எபிரேயப் பெயர், வீட்டில் இத்திஷ் மொழியில் கூப்பிடும் பெயர், அரசாங்கப் பதிவேட்டில் ரஷ்யனிலோ போலிஷிலோ ஏறிய பெயர், அமெரிக்கா போனபின் தானே வைத்துக்கொண்ட பெயர். ஸ்வி என்பவரே வீட்டில் ஹெர்ஷ், நியூயார்க்கில் ஹாரி. இவர்களை மூன்று தனி மனிதர்கள் என்று எண்ணி மூன்று கிளை வரைந்துவிடும் ஆபத்து உண்டு. கேட்டதை எல்லாம் எழுதுங்கள். எது 'சரியான' பெயர் என்று இப்போதே தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. கூடவே, அதைச் சொன்னவர் யார், எந்தத் தேதியில் சொன்னார் என்பதையும் எழுதுங்கள். நாளை இரண்டு அத்தைகள் இரண்டு விதமாகச் சொல்வார்கள். அப்போது இந்தக் குறிப்பு கைகொடுக்கும்.

கூட்டப் படமானால், நகல்மேல் பட்டர் பேப்பரை வைத்துத் தலைகளின் ஓரக்கோட்டை மட்டும் வரைந்து, ஒவ்வொரு தலைக்கும் ஓர் எண் கொடுங்கள். "இடமிருந்து மூன்றாவது" என்று எழுதினால், நாற்காலியில் உட்கார்ந்தவரா, பின்னால் நிற்பவரா, மடியிலிருக்கும் குழந்தையைச் சேர்த்தா, சேர்க்காமலா என்ற குழப்பம் வரும். எண் போட்டால் அந்தத் தொல்லை இல்லை.

படத்தின் முதுகு

பழைய படத்தில் முகத்தைவிட முதுகு அதிகம் சொல்லும். அதைத் திருப்பிப் பார்க்காமல் ஸ்கேன் செய்து ஆல்பத்தில் சேர்த்துவிடுபவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும்.

தடித்த அட்டையில் ஒட்டிய ஒரு ஸ்டூடியோப் படத்தைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் அளவு. ஏறத்தாழ 6.5 செ.மீ. அகலம், 10 செ.மீ. உயரம் என்றால் அது விசிட்டிங் கார்டு அளவுப் படம். 1854இல் பாரிஸில் காப்புரிமை பெற்ற முறை. ஏறத்தாழ 11 செ.மீ.க்கு 16.5 செ.மீ. என்றால் கேபினட் அட்டை. 1870களிலிருந்து இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம்வரை மிகுதியாகப் புழங்கியது. அட்டை இல்லாமல் பின்பக்கத்தில் முகவரிக் கோடுகளோடு தபால் அட்டையாகவே அச்சிட்டிருந்தால் அது பெரும்பாலும் 1900க்குப் பிந்தையது.

அடுத்தது ஊர்ப் பெயர். ஊர் நகராது, எல்லைக்கோடு நகரும். இன்றைய வில்னியஸ், முதல் உலகப் போர்வரை ரஷ்யப் பேரரசின் வில்னா. இரு போர்களுக்கு இடையே போலந்தின் வில்னோ. இன்று உக்ரைனில் இருக்கும் லிவிவ், 1918வரை ஆஸ்திரியாவின் லெம்பெர்க். பிறகு போலந்தின் லுவூஃப். செர்னிவிட்சியும் அப்படித்தான்: ஆஸ்திரியாவுக்குக் கீழ் செர்னோவிட்ஸ், ருமேனியாவுக்குக் கீழ் செர்னவுட்சி. ஆகவே அட்டையில் ஊர் எந்த மொழியில், எந்த வடிவத்தில் அச்சாகியிருக்கிறது என்பதிலிருந்தே காலத்தைப் பத்து இருபது ஆண்டுக்குள் சுருக்கிவிடலாம். ரஷ்ய எழுத்தில் வில்னா என்றிருந்தால் பெரும்பாலும் 1915க்கு முன். போலிஷில் வில்னோ என்றிருந்தால் 1920, 30கள்.

ஸ்டூடியோ இருந்த ஊரைக் குடும்பத்தின் ஊர் என்று எழுதிவிடாதீர்கள். சிற்றூர்களில் ஸ்டூடியோ இல்லாத காலத்தில், பயணத்துக்கு முன்போ, மகன் பட்டாளத்தில் சேரும்போதோ, பெரிய ஊருக்கு வண்டி கட்டிப் போய்ப் படம் எடுத்தவர்கள் ஏராளம். ரஷ்யச் சிப்பாய் உடையில் ஓர் இளைஞர் இருந்தால் அந்த ஸ்டூடியோ அவருடைய பாசறை இருந்த ஊரில் இருந்திருக்கும். அது அவர் பிறந்த இடத்திலிருந்து வெகு தூரமாகவும் இருக்கலாம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். குடும்பப் படத்தில் ஒருவருடைய முகம் மட்டும் வெளிச்சம் மாறி, அளவு சற்றுப் பிசகித் தெரிந்தால், வெளிநாட்டில் இருந்தவரின் படத்தை வெட்டி ஒட்டி, ஸ்டூடியோக்காரர் குடும்பத்தை 'ஒன்றுசேர்த்து' இருக்கலாம். அந்தக் காலத்தில் அப்படிச் செய்துகொண்டவர்கள் உண்டு. அந்த இருவரும் ஒரே நாளில் ஒரே அறையில் இருந்தார்கள் என்று முடிவுகட்டிவிடாதீர்கள்.

எழுத்தைப் படிப்பது

பின்பக்கக் கையெழுத்து எபிரேய எழுத்தில் இருந்தாலும் மொழி எபிரேயமாக இருக்க வேண்டியதில்லை. கிழக்கு ஐரோப்பாவில் அது பெரும்பாலும் இத்திஷ். துருக்கி, கிரேக்கப் பகுதியானால் ஸ்பானிய வழி வந்த யூத மொழியான லடினோ. பாக்தாத் வழி வந்தவர்களானால் அரபு. எல்லாம் வலமிருந்து இடமாக, எபிரேய எழுத்தில். அச்செழுத்தைக் கற்றவருக்கும் கையெழுத்து வடிவம் புரியாது. அது வேறு உருவம். செயலியில் காட்டிக் கிடைக்கும் மொழிபெயர்ப்பை நம்பிவிடாதீர்கள். ஜூயிஷ்ஜென் என்ற யூத வம்சாவளி அமைப்பு 'வியூமேட்' என்ற சேவையை நடத்துகிறது. படத்தையோ வாசகத்தையோ அதில் ஏற்றினால், மொழி தெரிந்த தன்னார்வலர்கள் படித்துச் சொல்வார்கள். ஒருமுறைக்கு ஒரு படம், தெளிவான ஸ்கேன், தெரிந்த விவரம் இரண்டு வரியில். அப்படிக் கேட்டால் பதில் விரைவில் வரும்.

தேதியை மட்டும் நீங்களே படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். அரை மணி நேர வேலை. எபிரேய எழுத்து ஒவ்வொன்றுக்கும் எண் மதிப்பு உண்டு. ஆண்டை எழுதும்போது ஐயாயிரத்தை விட்டுவிட்டு மீதியை மட்டும் எழுதுவது வழக்கம். தாவ், ரேஷ், ஐயின், பேத் என்று நான்கு எழுத்து இருந்தால் 400 + 200 + 70 + 2 = 672. அதாவது 5672ஆம் ஆண்டு. இந்த 672உடன் 1240ஐக் கூட்டினால் 1912. யூத ஆண்டு செப்டம்பர் அல்லது அக்டோபரில் பிறப்பதால், படம் அந்த ஆண்டின் தொடக்க மாதங்களில் எடுத்ததென்றால் 1911 ஆகும். மாதப் பெயரும் இருந்தால் சந்தேகம் தீர்ந்துவிடும்: திஷ்ரி, ஹெஷ்வான், கிஸ்லேவ் என்றால் முந்தைய ஆண்டு. ரஷ்யத் தேதியானாலும் ஒரு கணக்கு உண்டு. 1918வரை ரஷ்யா பழைய ஜூலியன் நாள்காட்டியையே பின்பற்றியது. இருபதாம் நூற்றாண்டுத் தேதிகளில் 13 நாளைக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

பெயருக்குப் பின்னால் ஸயின், லாமெத் என்று இரண்டு எழுத்து, நடுவில் மேற்கோள் குறிபோல இரு கோடு இருந்தால், 'நினைவு ஆசீர்வதிக்கப்பட்டதாகுக' என்ற வாழ்த்தின் சுருக்கம் அது. இறந்தவருக்கு மட்டுமே அப்படி எழுதுவார்கள். ஆக, படம் எப்போது எடுத்ததாயினும், அந்தக் குறிப்பு அவர் மறைவுக்குப் பிறகு எழுதியது. ஹே, யூத், தாலெத் என்று மூன்று எழுத்து இருந்தால் அவர் கொல்லப்பட்டவர் என்று பொருள்.

முகத்திலிருந்து காலத்தைக் கணிப்பது

உடையைப் பார்த்து ஆண்டைச் சொல்வது நல்ல விளையாட்டு. தோள்பட்டையில் பலூன்போல உப்பிய கைகள் 1890களின் நடுப்பகுதி, இப்படி. ஆனால் ஏழைக் குடும்பத்தில் ஒரே உடுப்பைப் பதினைந்து ஆண்டு உடுத்துவார்கள் என்பதை மறக்கக் கூடாது. இதைவிட உறுதியான துப்பு ஒன்று இருக்கிறது: பெயர் வைக்கும் வழக்கம்.

கிழக்கு ஐரோப்பிய யூதர்கள், அதாவது அஷ்கெனாசிகள், உயிரோடிருப்பவரின் பெயரைக் குழந்தைக்கு வைக்க மாட்டார்கள். இறந்த உறவினரின் பெயரைத்தான் வைப்பார்கள். கொள்ளுப்பாட்டி ஹன்னாவின் பெயரைத் தாங்கிய ஹன்னா 1913இல் பிறந்திருந்தால், கொள்ளுப்பாட்டி அதற்கு முன்பே காலமாகிவிட்டார். அவர் இருக்கும் படம் 1913க்கு முந்தையது. ஒரு பதிவேடும் இல்லாமல் இவ்வளவு தெரிந்துவிடுகிறது. ஒரே தலைமுறையில் நான்கு ஒன்றுவிட்ட சகோதரர்களுக்கு ஒரே பெயர் இருந்தால், அந்தப் பெயருடைய பொதுத் தாத்தா எப்போது இறந்தார் என்பதை அவர்களில் மூத்தவரின் பிறந்த ஆண்டு காட்டிக்கொடுக்கும். இந்த விதி ஸ்பெயின் வழி வந்த செபார்டிகளுக்கும் மத்தியக் கிழக்கு யூதர்களுக்கும் பொருந்தாது. அங்கே தாத்தா உயிரோடிருக்கும்போதே பேரனுக்கு அவர் பெயரை வைப்பது கௌரவம்.

கவுன் அணிந்து, நீளமுடியோடு இருக்கும் குழந்தையைப் பெண் என்று எழுதிவிடாதீர்கள். அந்தக் காலத்தில் சிறு ஆண்பிள்ளைகளுக்கும் கவுன்தான். போதாக்குறைக்கு, சமய ஒழுக்கம் காக்கும் பல குடும்பங்களில் ஆண்குழந்தைக்கு மூன்று வயது நிறையும்வரை முடி வெட்ட மாட்டார்கள்.

கல்லறைப் படம் இருந்தால் அதைத் தனியாகப் பெரிதாக்கிப் படியுங்கள். யூதக் கல்லறையில் இறந்தவர் பெயரோடு தந்தை பெயரும் இருக்கும்; ஒரே கல்லில் இரண்டு தலைமுறை. மேலே விரித்த இரு கைகள் செதுக்கியிருந்தால் கோஹென் என்ற குருக்குலத்தவர். நீர்க்கெண்டி இருந்தால் லேவி என்ற கோயில் பணிக்குலத்தவர். மெழுகுவர்த்திகள் பெரும்பாலும் பெண்ணின் கல்லில் வரும். கல் உடைந்தோ களவுபோயோ இன்று இல்லாமலிருக்கலாம். போரில் எத்தனையோ யூத இடுகாடுகளின் கற்களைப் பெயர்த்துச் சாலை போட்டார்கள். உங்களிடம் உள்ள படம்தான் அந்தக் கல்லுக்கு மிஞ்சிய ஒரே ஆதாரமாக இருக்கக்கூடும்.

ஸ்கேன், உறை, பெட்டி

இது சலிப்பான பகுதி, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அச்சுப் படத்துக்கு 600 டிபிஐ, தீப்பெட்டி அளவுள்ள சிறிய படத்துக்கு 1200. கறுப்பு வெள்ளைப் படமானாலும் வண்ணத்தில் ஸ்கேன் செய்யுங்கள். பழுப்பு நிறம், மை நிறம், கறை எல்லாம் தடயங்கள். முன்பக்கம், பின்பக்கம், அட்டையின் விளிம்பு உட்பட. டிஃப் வடிவத்தில் ஒரு மூலக் கோப்பு, பகிர்வதற்கு ஜேபெக் நகல். மூலக் கோப்பில் யாரும் கைவைக்கக் கூடாது. கோப்பின் பெயரில் எண்ணும் பெட்டியும் இருந்தால் போதும். ஆட்களின் பெயரைக் கோப்பின் உள்விவரப் பகுதியில் எழுதலாம். இரண்டு வேறு கருவிகளில் இரண்டு நகல், வேறு ஊரில் உள்ள உறவினரிடம் ஒன்று.

அசல் படத்தை பிவிசி உறையில் போடாதீர்கள். அந்தப் பிளாஸ்டிக் வெளியிடும் வாயு படத்தை அரிக்கும். பாலியெஸ்டர், பாலிபுரோப்பிலீன் உறைகளோ அமிலமற்ற காகித உறைகளோ நல்லது. 1970களில் வந்த பசைத்தாள் ஆல்பங்கள்தான் பெரிய வில்லன். அவற்றிலிருந்து படத்தை எடுக்கப் பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் நூலை மெல்ல நுழைத்து அறுப்பார்கள். வராவிட்டால் விட்டுவிட்டுப் பக்கத்தோடு ஸ்கேன் செய்யுங்கள். பின்பக்கத்தில் எழுத வேண்டுமானால் மென்மையான பென்சில், ஓரத்தில், அழுத்தாமல். பால்பாயிண்ட் பேனா முன்பக்கம்வரை பள்ளம் போடும்.

நம் ஊர்போல ஈரப்பதம் மிகுந்த இடமென்றால், பெட்டியை வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியிலோ பரணிலோ வைக்காதீர்கள். சிலிக்கா ஜெல் பைகளை வைத்து அவ்வப்போது மாற்றுங்கள். அந்துருண்டையைப் படப்பெட்டிக்குள் போடாதீர்கள். பழைய நெகட்டிவ் சுருள்கள் பழுத்துப் பிசுபிசுத்து, மூக்கைத் துளைக்கும் நெடியோடு இருந்தால் அவை எளிதில் தீப்பற்றும் நைட்ரேட் படச்சுருளாக இருக்கலாம். வீட்டுக்குள் வைத்திருக்காமல் ஆவணக் காப்பகத்தினரிடம் கேளுங்கள்.

இனி, இப்போது எல்லாரும் கேட்கும் கேள்வி: செயற்கை நுண்ணறிவை வைத்து வண்ணம் ஏற்றலாமா, முகத்தைத் தெளிவாக்கலாமா? 2021இல் வம்சாவளி நிறுவனமான மைஹெரிடேஜ் பழைய முகங்களைக் கண் சிமிட்டிப் புன்னகைக்க வைக்கும் வசதியைக் கொண்டுவந்தபோது பலர் உருகிப் போனார்கள். என் கருத்து கறாரானது. மங்கிய முகத்தை மென்பொருள் 'தெளிவாக்கும்'போது அது உங்கள் கொள்ளுத்தாத்தாவின் மூக்கை மீட்பதில்லை. எங்கோ பார்த்த ஆயிரம் மூக்குகளிலிருந்து ஒன்றைச் செய்து ஒட்டுகிறது. கொல்லப்பட்டவர்களின் விஷயத்தில் இது வெறும் ரசனைப் பிரச்சினை அல்ல. பேரழிவே நடக்கவில்லை என்று வாதிடுபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். திருத்திய படம் ஒன்று ஆவணமாக உலவினால் அவர்களுக்குத் தீனி. செய்வதானால் தனிக் கோப்பாக, 'கணினி மாற்றியது' என்று படத்தின் மேலேயே எழுதிச் செய்யுங்கள். மாறாக, முகங்களை ஒப்பிட்டுப் பார்க்கும் கருவிகள் பயனுள்ளவை. அவை தருவது ஊகம் மட்டுமே. முடிவை நீங்கள் காதின் வடிவத்தையும், குடும்ப விவரத்தையும் பார்த்து எடுக்க வேண்டும்.

படத்திலிருந்து பதிவேட்டுக்கு

பெயரும் ஊரும் ஓரளவு தெரிந்தபின் தேடல் சூடுபிடிக்கும். ஜூயிஷ்ஜென்னின் ஊர்த் தரவுத்தளத்தில் ஓர் ஊரின் எல்லாப் பெயர் வடிவங்களும் ஒன்றாகக் கிடைக்கும். போலந்துப் பதிவேடுகளுக்கு ஜேஆர்ஐ-போலந்து, லித்துவேனியாவுக்கு லிட்வாக்சிக் என்ற இணையத் தரவுத்தளங்கள் உண்டு. கப்பல் பயணிகள் பட்டியலில் தேடும்போது, நியூயார்க்கின் குடியேற்ற நிலையமாக இருந்த எல்லிஸ் தீவில் அதிகாரிகள் பெயரை மாற்றிவிட்டார்கள் என்று பாட்டி சொன்ன கதையை ஒதுக்கிவையுங்கள். அங்கே இருந்தவர்கள் புறப்பட்ட துறைமுகத்தில் தயாரித்த பட்டியலைப் பார்த்துச் சரிபார்த்தார்கள், அவ்வளவே. பெயரை மாற்றியவர்கள் பெரும்பாலும் அந்தப் பயணிகளேதான், பிற்பாடு. ஆகவே பழைய ஊர்ப் பெயரிலேயே தேடுங்கள்.

படத்தில் இருப்பவர் பேரழிவில் இறந்தவர் என்றால் எருசலேமில் உள்ள பேரழிவு நினைவகமான யாத் வஷேமின் பெயர்த் தரவுத்தளத்தைக் கட்டாயம் பாருங்கள். கொல்லப்பட்ட அறுபது லட்சம் பேரில் ஏறத்தாழ 50 லட்சம் பேரின் பெயர்கள் அதில் ஏறியிருக்கின்றன. 1950களிலிருந்து உறவினர்களும் ஊர்க்காரர்களும் ஆளுக்கொரு பக்கமாகச் சாட்சிப் படிவம் எழுதிக் கொடுத்து வருகிறார்கள்: பெயர், பெற்றோர், பிறந்த ஊர், போர்க்காலத்தில் இருந்த இடம், கிடைத்தால் ஒரு படம். தேடும்போது படிவத்தை நிரப்பியவரின் பெயரையும் உறவையும் பாருங்கள். உங்கள் கொள்ளுத்தாத்தாவின் தம்பிக்கு 1956இல் யாரோ ஒருவர் 'அக்காள் மகன்' என்று கையெழுத்திட்டுப் படிவம் கொடுத்திருந்தால், இதுவரை கேள்விப்படாத ஒரு கிளை உங்களுக்கு இருக்கிறது. அவர்கள் வீட்டில் இன்னொரு பெட்டி இருக்கும். ஐஷிஷோக்குக்கு நடந்தது அதுதான். படிவம் இல்லையென்றால் நீங்களே நிரப்பி, படத்தையும் இணைத்து அனுப்பலாம். அந்தப் படிவம் பேரழிவில் உயிரிழந்தவர்களுக்கு மட்டுமே உரியது. பின்னாளில் இயற்கையாக இறந்தவர்களுக்கு அல்ல.

இந்தியாவிலிருந்து வந்த படங்கள்

கொச்சி, பம்பாய், கல்கத்தா யூதர்களின் படங்களுக்கு மேலே சொன்னவற்றில் பாதி பொருந்தாது. பெயர் வைக்கும் வழக்கம் வேறு. கொங்கண் கரையிலிருந்து வந்த பெனே இஸ்ரேல் மக்களுக்குப் 'பென்கர்', 'கெஹிம்கர்' என்று ஊரை ஒட்டி 'கர்' என முடியும் குடும்பப் பெயர்கள் உண்டு. ஊரைத் தேட அதுவே போதும். அவர்களுடைய படங்களின் பின்னால் மராத்தி எழுதியிருக்கும். கல்கத்தாவின் பாக்தாதி யூதர்களிடம் ஆங்கிலமும் எபிரேய எழுத்தில் அரபும். கொச்சிப் படங்களில் மலையாளம்.

உடையிலும் கவனம் வேண்டும். பாக்தாதிக் குடும்பப் படம் ஒன்றில் பாட்டி நீண்ட அரபு அங்கியிலும், மகள் ஐரோப்பிய கவுனிலும் நிற்பது சாதாரணம். அது ஒரே தலைமுறைக்குள் நடந்த மாற்றம். பெனே இஸ்ரேல் பெண்கள் புடவையில் இருப்பார்கள். அதைப் பார்த்து இந்துக் குடும்பம் என்று பழைய படக் கடைகளில் தவறாக வகைப்படுத்தி விற்பதுண்டு. கொச்சி யூதர்களில் பெரும்பாலோர் 1950களில் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தார்கள். நெகேவ் பாலைவனத்தில் அவர்கள் குடியேறிய நெவாத்திம் கிராமத்தில் அவர்களுக்கென்று ஒரு பாரம்பரிய மையமும் இருக்கிறது. ஆகவே கொச்சியின் மட்டாஞ்சேரிப் படத்தைப் பற்றித் துப்புக் கேட்க வேண்டியது மட்டாஞ்சேரியில் மட்டுமல்ல.

நினைவுநாளும் ஒப்படைப்பும்

யூதர்கள் இறந்தவரை யார்ட்சைட் என்ற நாளில் நினைவுகூர்வார்கள்; எபிரேய நாள்காட்டிப்படி வரும் நாள், நம் திதியைப்போல ஆங்கிலத் தேதியில் ஆண்டுக்கு ஆண்டு நகரும். விளக்கேற்றி, கதீஷ் என்ற வேண்டுதலை ஓதுவார்கள். குடும்பத்தாரோடு படங்களைப் பகிர அதுவே ஏற்ற நாள். அன்று அவருடைய ஒரு படத்தை, பின்னால் உறுதியான விவரங்கள் நான்கு வரியோடு, எல்லாக் கிளைகளுக்கும் அனுப்புங்கள். நூறு படங்களை ஒரே நாளில் அனுப்பினால் யாரும் பார்க்க மாட்டார்கள். ஒரு படம் அனுப்பினால், அதைப்போல எங்களிடமும் ஒன்று இருக்கிறது என்று யாராவது பதில் எழுதுவார். ஹசிதியம் என்ற யூதப் பக்தி இயக்கத்தைச் சேர்ந்த சில குடும்பங்களில் முன்னோர் படம் எடுத்துக்கொள்வதையே தவிர்த்தவர்களாக இருப்பார்கள். அங்கே இதைத் தயக்கத்தோடு, கேட்டுச் செய்யுங்கள்.

அசல்களை நிறுவனம் ஒன்றிடம் ஒப்படைப்பதானால் முன்கூட்டியே மூன்றைக் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்: நகலைப் பயன்படுத்தும் உரிமை குடும்பத்துக்கு உண்டா, படங்களின் பழைய வரிசை கலையாமல் இருக்குமா, வந்து பார்க்க அனுமதி உண்டா. யூத ஆய்வு நிறுவனமான யிவோ, 1925இல் வில்னாவில் தொடங்கி 1940இல் நியூயார்க்குக்கு இடம்பெயர்ந்தது. கிழக்கு ஐரோப்பிய யூத வாழ்வின் பெரிய சேகரம் அவர்களுடையது. டெல் அவிவின் அனு அருங்காட்சியகமும் குடும்பப் படங்களைத் திரட்டுகிறது. உயிரோடிருப்பவர்கள் இருக்கும் படங்களை எங்கே கொடுப்பதானாலும் அவர்கள் சம்மதம் வேண்டும்.

எல்லாம் முடிந்தபின்னும் பெயர் தெரியாத முகங்கள் ஒரு கட்டு மிஞ்சும். தூக்கி எறியாதீர்கள்; ஊகித்தும் எழுதாதீர்கள். 'பெயர் தெரியவில்லை' என்று எழுதி, ஸ்டூடியோ, ஊர், எந்த உறையில் இருந்தது ஆகியவற்றைச் சேர்த்துத் தனி உறையில் வையுங்கள். ஸ்கேனை அந்த ஊர் வழித்தோன்றல்களின் குழுவுக்கு அனுப்புங்கள். பதில் அடுத்த வாரம் வரலாம். பத்து ஆண்டு கழித்தும் வரலாம். அதனால் தொடர்புக்கு உங்கள் அலுவலக மின்னஞ்சலைக் கொடுக்காமல், குடும்பத்துக்கென்று ஒரு முகவரி தொடங்கி, அதன் கடவுச்சொல்லை இளையவர்கள் இரண்டு பேரிடமாவது கொடுத்துவையுங்கள்.